வாடகைத் தாய்மாமன்

எனக்குத் திருப்பூர் ஜில்லா முழுக்க மருமக்கள் இருக்காங்க. ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது. ரோட்டுல எதிர்ல வந்தா, யாரோ பெரியவர்னு ஒதுங்கி வழி விட்டுட்டுப் போவாங்க. அத்தனையும் காது குத்தறப்போ என்ற மடியில உக்காந்து, என்ற சட்டையை நனைச்சு, என்ற தாவாக்கட்டையில உதைச்சதுகதான். சாப்பாடு ஆனதும் வெத்தலை பாக்கு வாங்கிட்டு நான் கிளம்பிருவேன். அப்பறம் அந்த வீட்டுப் பக்கம் போகக் கூடாது, போன் பண்ணக் கூடாது, பொறந்த நாளுக்கு ஒரு வாழ்த்துகூட அனுப்பக் கூடாது. ஒப்பந்தம் அப்படி.

பேரு நவநீதன். முன்னால பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். மிஷினே அளந்து மிஷினே வெட்ட ஆரம்பிச்ச பொறகு, கத்திரி புடிச்ச கையை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம வீட்டுல கிடந்தேன். அப்போதான் 'ஒறம்பரை' கம்பெனியில ஆள் எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். ஒறம்பரைன்னா எங்க பக்கத்துல சொந்தபந்தம். வாடகைக்குச் சொந்தக்காரங்களை அனுப்பற கம்பெனி அது. சிரிக்காதீங்க. உங்க ஊர்லயும் வந்திருக்கும், வேற பேர்ல.

பின்ன என்னங்க? ரெண்டு தலைமுறையா வீட்டுக்கு ஒண்ணே ஒண்ணுன்னு பெத்தாங்க. ஒத்தைப் பிள்ளையும் ஒத்தைப் பிள்ளையும் கட்டிக்கிட்டா மாமன் எங்கிருந்து வருவான், அத்தை எங்கிருந்து வருவா? அப்பறம் அந்த ஒண்ணும் தங்காம போச்சு. தண்ணியா, காத்தா, திங்கற சோறா, என்ன கெரகமோ, டாக்டருங்க இன்னும் சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க. கடைசியில கருவங்கிதான் கதின்னு ஆச்சு. யாரோ ஒரு புருஷன் பெஞ்சாதி வைத்தியம் பண்ணிக்கிட்டு, மிச்சமான கருவை உறைய வெச்சு, அப்பறம் நமக்கு வேண்டாம்னு தானமா எழுதிக் குடுத்திருப்பாங்க. அதை வாங்கி வயித்துல வெச்சுப் பெத்துக்கறது. இன்னைக்கு ஒண்ணாம் வகுப்புல உக்காந்திருக்கற பிள்ளைகள்ல பாதிக்குப் பாதி அப்படி வந்ததுகதான்.

ஆனா நம்ம சனம் எதை விட்டாலும் காதுகுத்தை மட்டும் விடாது. காதுகுத்துன்னா தாய்மாமன் மடி வேணும். மடிக்கு ஆளில்லாம எத்தனை பேரு பக்கத்து வீட்டுக்காரரையும் வாட்ச்மேனையும் உக்கார வெச்சிருக்காங்க தெரியுமா? அந்தக் கண்றாவியைப் பாத்துட்டுத்தான் இந்தக் கம்பெனியையே ஆரம்பிச்சாங்களாம். அத்தை வேலைக்கு ஆளுக நிறைய. சித்தப்பாவைக் கேக்கவே நாதியில்ல. மாமனுக்குத்தான் எப்பவும் தட்டுப்பாடு. கம்பெனி மேனேஜர் ஜான்சி மேடம் போன் பண்ணி, "நவநீதண்ணா, ஞாயித்துக்கிழமை பல்லடத்துல ரெண்டு காது இருக்குது, போறீங்களா?"ம்பாங்க. முதல் நாளே எனக்கு ஒரு பாடம் எடுத்தாங்க. "பாசத்தைக் காட்டலாங்ணா. வெச்சுக்கக் கூடாது."

தொழில்னா தொழில்தான். சட்டைப்பையில கல்கண்டு வெச்சிருப்பேன். பிள்ளையோட ரெண்டு கையையும் என்ற கக்கத்துக்குள்ள அடக்கி, தலையை நெஞ்சோட சாச்சுப் புடிச்சுக்குவேன். முதல் காதுக்கு அழுகாது, திகைச்சுப் போயி ஆசாரியையே பாக்கும். ரெண்டாவது காதுக்குத்தான் கூரை பறக்கும். அப்போ வாயில கல்கண்டைப் போட்டு, "முடிஞ்சுதுடா சாமி, முடிஞ்சுது"ன்னு முதுகைத் தடவோணும். இதுல நான் கில்லாடி. பெருமைக்குச் சொல்லல.

குத்தி முடிச்சதும் உறவுப் பதிவு ஆபீஸ்ல இருந்து வந்தவங்க ஒரு மிஷினை நீட்டுவாங்க. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். பிள்ளையோட காதுல துளிர்க்கற ரத்தத்துல ஒரு பொட்டு, மாமன் கட்டை விரல்ல ஒரு பொட்டு. எங்க பக்கத்துக்கெல்லாம் வர்றது பல்கீஸ் மேடம்தான். நான் வேலைக்குச் சேந்த புதுசுல அவங்ககிட்டக் கேட்டேன்.

"எதுக்குங்க மேடம் என்ற விரலையும் குத்தறீங்க?"

"நம்ம ஊர்ல மாமன் மகனைக் கட்டற வழக்கம் இருக்குதில்லீங்ணா? நீங்க இந்தப் பிள்ளைக்கு மாமன்னு சபையில உக்காந்துட்டீங்க. நாளைக்கு உங்க வீட்டுப் பையனுக்கே இதைக் கேட்டு வர்றீங்கன்னு வைங்க. கரு எங்கிருந்து வந்துதுன்னு யாருக்குத் தெரியும்? ரெண்டும் ஒரே ரத்தமா இருந்துட்டா?"

"எனக்குப் பையனெல்லாம் கிடையாதுங்க."

"அது உங்களுக்குத் தெரியுது, சட்டத்துக்குத் தெரியுமா? பச்சை எரிஞ்சா ரத்தம் சேரலை, இல்லை பாதிக்குக் கொறைவுன்னு அர்த்தம். சிவப்பு எரிஞ்சா பாதிக்குப் பாதி சேருதுன்னு அர்த்தம். அப்பனும் பிள்ளையும் பாதி, கூடப் பொறந்ததுகளும் பாதி. எதுன்னு இந்தச் சனியனுக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியாது. அதை விசாரணையிலதான் கண்டுபிடிக்கோணும்."

"அப்பன்னு தெரிஞ்சா?"

"தானம் குடுத்தவங்க தேடி வரக் கூடாதுங்ணா. வந்தா அவங்களுக்கு ஜெயிலு. அது போனாப் போகுது. அந்த வீட்டுல இருக்கற சின்னப் பிள்ளையை, விசாரணை முடியற மட்டும் காப்பகத்துக்குத் தூக்கிட்டுப் போகோணும். யாரு யாரைப் புடிச்சாங்க, காசு கை மாறுச்சான்னு தோண்டித் துருவுவாங்க. வருஷக் கணக்கா இழுக்கும். ஒருக்கா நானே தூக்கிட்டு வந்தேன். அந்தம்மா என்ற கையைக் கடிச்சு வெச்சிருச்சு. நான் கையை எடுக்கவே இல்லை. கடிக்கட்டும்னு விட்டுட்டேன்."

கூடப் பொறந்ததுக ஒண்ணை ஒண்ணு கண்டுக்கிட்டா அதுக்குத் தடையில்லையாம். குடுத்தவங்க வந்தாத்தான் குத்தம்.

வேலைக்குச் சேர்றப்போ கம்பெனியில கேட்டிருந்தாங்க, எப்பவாச்சும் கரு தானம் குடுத்திருக்கீங்களான்னு. இல்லீங்கன்னு சொன்னேன். பொய்.

என்ற சம்சாரம் சுகிர்தா. கல்யாணமாகி ரொம்ப நாள் பிள்ளை இல்ல. வைத்தியம் பாத்தோம். மூணு நாலு கரு நல்லபடியா வந்துதுன்னாங்க. வெச்ச ரெண்டும் தங்கல. அடுத்ததுக்கு நாள் பாத்துட்டிருந்தப்போ அவளுக்கு ரத்தத்துல வியாதின்னு சொல்லிட்டாங்க. இனி சுமக்கவே கூடாதுன்னுட்டாங்க. மிச்சத்தை என்ன பண்றதுன்னு ஆஸ்பத்திரியில கேட்டப்போ நான் அவளைத்தான் பாத்தேன். அவதான் சொன்னா. "குடுத்துருங்க. தூக்கிக் கொட்டிராதீங்க. எங்கியாச்சும் யாரு மடியிலயாச்சும் கிடந்து வெளையாடட்டும்." ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அவ போய்ச் சேந்துட்டா.

முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சுங்க. மறு கல்யாணம் பண்ணுன்னு சொல்றதுக்குக்கூட வீட்டுல ஆளில்ல, நானும் ஒத்தைப் பிள்ளைதானே. குக்கர் விசில் அடிச்சா, "வர்றேன், இரு"ம்பேன். சில நாளு அது ஒண்ணுதான் நான் பேசற பேச்சு. தனியா இருக்கறது பழகிரும்னு சொல்றவனைக் கண்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். என்னத்தப் பழகுச்சு? ஒண்ணும் பழகல.

வேலை போனதுக்கப்பறம் ஒரு நாள் கருவங்கிக்கே போயி, நாங்க குடுத்தது என்னாச்சுன்னு கேட்டேன். சொல்லக் கூடாதுன்னாங்க. நான் எந்திரிக்காம உக்காந்தே இருந்தேன். சாயங்காலம் மூடற நேரத்துல கவுன்டர்ல இருந்த பொண்ணு பாவப்பட்டு, "ஒண்ணு பொறந்திருக்குங்கய்யா. இந்த ஜில்லாவுலதான். இதுக்கு மேல கேக்காதீங்க, என்ற வேலை போயிரும்"னா. பஸ் ஏறி வீட்டுக்கு வர்ற வரைக்கும் அழுதுட்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரன் எந்திரிச்சுப் போயி நின்னுக்கிட்டான். அடுத்த வாரமே ஒறம்பரை கம்பெனியில போயி நின்னேன்.

இப்போ புரியுதுங்களா? மிஷின் எரியறப்போ பெத்தவ ஒருத்தி வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு நிப்பா, பச்சை விழட்டும்னு. அவ பிள்ளையை மடியில வெச்சுக்கிட்டே நான் சிவப்பு விழட்டும்னு வேண்டிக்குவேன். விழுந்தா அந்தப் பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு தெரியும். தெரிஞ்சேதான் வேண்டினேன். விழுந்தா என்ன பண்ணப் போறோம்னு யோசிச்சதே இல்ல. ஒரு தடவை பாத்தாப் போதும்னு இருந்துது. அத்தனை வருஷமும் பச்சைதான். பெத்தவங்க கை தட்டுவாங்க. நானும் தட்டுவேன்.

போன மாசம் அவிநாசிப் பக்கம் ஒரு காதுகுத்து. பெத்தவ பேரு செவ்வந்தி. டவுன் பஸ் ஓட்டறா. புருஷன் இல்ல, கட்டிக்கவே இல்ல. ரெண்டு நாள் முன்னாடியே எனக்குப் போன் பண்ணினா.

"அண்ணா, உங்க சட்டை அளவு சொல்லுங்க."

"எதுக்கும்மா? சீரெல்லாம் கம்பெனியே குடுத்து அனுப்பிரும்."

"அது நீங்க கொண்டு வர்றது. மாமனுக்கு நாங்க வேட்டி சட்டை வெச்சுக் குடுக்க வேண்டாமா? ஊரு என்ன பேசும்? அப்பறம், சாப்பாட்டுக்கு என்ன புடிக்கும்?"

இத்தனை வருஷத்துல எந்த வீட்டுலயும் மாமனுக்கு என்ன புடிக்கும்னு கேட்டதில்ல. "பச்சைப்புளி ரசம்"னேன்.

"விருந்துல பச்சைப்புளி ரசமா! சமையக்காரர் என்னை அடிக்க வருவாரு. சரி விடுங்க, நானே வெக்கறேன்."

அவங்க அடுக்ககத்துக் கீழ்க் கூடத்துலதான் விசேஷம். நான் போனப்போ செவ்வந்தி பந்தல்காரரைக் கிழிச்சுத் தொங்கப் போட்டுக்கிட்டிருந்தா. "வாழை மரம் கட்டச் சொன்னா வாழைத் தண்டைக் கட்டி வெச்சிருக்கீங்களே, இது மரமா? ஆடுகூடத் திங்காது." என்னைப் பாத்ததும் முகம் மாறிருச்சு. "வாங்ணா, வாங்ணா"ன்னு ஓடி வந்து சீர்த்தட்டை வாங்கிக்கிட்டா. வந்திருந்ததெல்லாம் டிப்போ ஆளுகளும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்களும்தான். அவ பக்கம்னு சொல்லிக்க ஒருத்தரும் இல்ல.

"எங்கம்மா நான் காலேஜ்ல இருக்கறப்பவே போயிட்டாங்க. அப்பா போன வருஷம். இவ வயித்துல இருக்கறதுகூடத் தெரியாமப் போயிட்டாரு"ன்னா. "அதான் வெக்கம் பாக்காம வாடகைக்குச் சொல்லிட்டேன். நானும் கருவங்கிப் பிள்ளைதாங்ணா. எங்க காலத்துல அபூர்வம். பள்ளிக்கூடத்துல என்னை ஐஸ்பொட்டின்னு கூப்பிடுவானுக."

அவ சொன்னது காதுல விழுந்துச்சு. ஆனா என்ற கண்ணு முழுக்கப் பிள்ளை மேல. மின்மினின்னு பேரு. மொட்டை போட்டு, சந்தனம் பூசி, பொக்கை வாயில ரெண்டே பல்லு. வழக்கம்போல சுகிர்தா சாயல் எங்கியாச்சும் தெரியுதான்னு தேடினேன். நெத்தியில கொஞ்சம் இருக்கற மாதிரி இருந்துது. எல்லாப் பிள்ளைக நெத்தியிலும் எனக்கு அப்படித்தான் இருக்கும்.

ஆசாரி குத்தினாரு. மின்மினி முதல் காதுக்குத் திகைச்சா, ரெண்டாவதுக்குக் கூரையைப் பறக்க விட்டா. கல்கண்டு போட்டேன், துப்பிட்டா. பல்கீஸ் மேடம் வந்து ரெண்டு பொட்டு எடுத்தாங்க. நான் மிஷினையே பாத்துட்டிருந்தேன்.

பச்சை.

எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். அவ்வளவுதான், இன்னொண்ணும் இல்லைன்னு ஆச்சு. கிளம்பற யோசனையில வேட்டியைச் சரி பண்ணினேன்.

"இருங்ணா, இன்னும் முடியல"ன்னாங்க பல்கீஸ் மேடம். "இந்த மாசத்துல இருந்து அம்மா விரலையும் மாமன் விரலையும் சேத்துப் பாக்கோணுமாம். வாடகை மாமனை எல்லாம் கூடப் பொறந்த மாமன்னு பதிஞ்சுட்டாங்கன்னு எங்கியோ கேஸ் ஆகிப் போச்சு. பச்சைன்னா வாடகை, சிவப்புன்னா சொந்தம். எப்படியும் பச்சைதான், சும்மா ஒரு சாங்கியம். வாம்மா, விரலைக் குடு."

செவ்வந்தி சிரிச்சுக்கிட்டே கையை நீட்டினா. பஸ் ஸ்டியரிங் புடிச்சுக் காய்ச்ச கை. என்ற விரல்ல இருந்து இன்னொரு பொட்டு.

சிவப்பு.

அப்போதான் நிமிந்து அவளைப் பாத்தேன். அது வரைக்கும் பாக்கவே இல்லைங்க. எத்தனை காதுகுத்து, எத்தனை மடி! மடியில இருக்கறதையே உத்து உத்துப் பாத்துட்டிருந்த கிறுக்கன் நான். பிள்ளைன்னா எனக்குக் கைப்பிள்ளைதான். நாங்க குடுத்தப்பவே எவளோ ஒருத்தி வாங்கியிருந்தா, அது இத்தனை நாள்ல வளந்து ஆளாகி, பஸ் ஓட்டி, பிள்ளை பெத்து, சீர்த்தட்டைப் புடிச்சுக்கிட்டு எதிர்ல வந்து நிக்கும்கற கணக்கு எனக்கு ஒரு நாளும் வரல. சுகிர்தா சாயல் ஒரு பொட்டு இல்ல. என்ற மூக்கு. போயும் போயும் என்ற மூக்கு.

செவ்வந்தி வெளுத்துப் போயி, ஒரே எட்டுல வந்து என்ற மடியில இருந்த பிள்ளையைப் புடிச்சுக்கிட்டா. "மேடம், மேடம், பிள்ளையை எடுத்துராதீங்க. இவரை எனக்கு முன்னப் பின்னத் தெரியாது. கம்பெனிதான் அனுப்புச்சு. சத்தியமா தெரியாது மேடம்."

ஒத்தை வார்த்தை சொன்னாப் போதும். கண்ணு, நான்தான்டா உங்கப்பன். முப்பது வருஷமா தொண்டையில கிடந்த வார்த்தை. வாய் வரைக்கும் வந்துருச்சு. அவ பிள்ளையை விடாம புடிச்சுக்கிட்டு மேடத்தையே பாத்துட்டிருந்தா.

பல்கீஸ் மேடம் மிஷினைப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. என்ற நரைச்ச தலையைப் பாத்தாங்க. அவளைப் பாத்தாங்க. எத்தனை வருஷமா ஒண்ணா வேலை பாக்கறோம். ஒவ்வொரு தடவையும் பச்சை எரியறப்போ என்ற முகம் எப்படிப் போகும்னு அவங்க பாக்காமலா இருந்திருப்பாங்க?

"ஏம்மா பதர்றே? பிள்ளைக்கும் அவருக்கும்தான் பச்சை விழுந்துருச்சே"ன்னாங்க. அப்பறம் என்ற பக்கம் திரும்பி, ஒவ்வொரு வார்த்தையா நிறுத்திக் கேட்டாங்க. "நவநீதண்ணா, நீங்களும் கருவங்கிப் பிள்ளைதானுங்களே? உங்க காலத்துலயே அங்கொண்ணு இங்கொண்ணா ஆரம்பிச்சுட்டாங்களே. அப்படித்தானுங்களே?"

எங்கம்மா என்னைப் பெக்கறதுக்கு ரெண்டு நாள் வலியில துடிச்சவ. ஒவ்வொரு பொறந்த நாளைக்கும் அந்தக் கதையைச் சொல்லி என்ற உசுரை வாங்குவா. எங்கப்பா மாதிரியே நான் செருப்பைத் தேச்சுத் தேச்சு நடப்பேன்னு ஊரே கேலி பண்ணும். ரெண்டு பேரையும் மனசுக்குள்ள கும்பிட்டுக்கிட்டேன்.

"ஆமாங்க மேடம். கருவங்கிதான்"னேன்.

"பாத்தியாம்மா!" பல்கீஸ் மேடம் கூடத்துக்கே கேக்கற மாதிரி சொன்னாங்க. "ஒரே புருஷன் பெஞ்சாதி குடுத்த கருதான் ரெண்டும். ஒண்ணு அப்பவே பொறந்திருக்குது, இன்னொண்ணு முப்பது வருஷம் கழிச்சு. உறைஞ்சு கிடக்கற வரைக்கும் வயசு ஏறாதில்ல? வாடகைக்குன்னு கூப்பிட்டே, சொந்த அண்ணனே வந்து உக்காந்துட்டாரு போ!"

செவ்வந்திக்கு ஒரு நிமிஷம் புரியல. புரிஞ்சதும் அப்படியே தரையில உக்காந்து என்ற முழங்காலைக் கட்டிக்கிட்டு அழுதா பாருங்க, மின்மினி தன்னோட அழுகையை நிறுத்திட்டு அவளை வேடிக்கை பாத்தா. "அண்ணா, நிஜமாவே அண்ணாவா? எனக்கு அண்ணனா?" இதையே திருப்பித் திருப்பிக் கேட்டா. நான் அவ தலை மேல கையை வெச்சேன். அதுதான் முதல் தடவை. உச்சந்தலை சுட்டுது.

டிப்போக்காரங்க விசில் அடிச்சாங்க. "அந்த மூக்கைப் பாருங்கடா, அச்சு அசல்!"னு ஒருத்தரு கத்தினாரு. "இனி செவ்வந்திகிட்ட வம்பு பண்ணினா அண்ணன் வந்து கேப்பாரு, ஜாக்கிரதை"ன்னு இன்னொருத்தரு. தாய்மாமன் மடியில உக்காந்திருக்குதுன்னு அத்தனை பேரும் பாத்துச் சந்தோஷப்படற பிள்ளை, தாத்தா மடியில உக்காந்து என்ற சட்டைப் பொத்தானைக் கடிச்சுக்கிட்டிருந்துது.

கை கழுவற இடத்துல பல்கீஸ் மேடத்தைத் தனியாப் புடிச்சேன். "மேடம், நான்..."

"நான் எதுவும் கேக்கலீங்ணா. நீங்களும் எதுவும் சொல்லாதீங்க. சொல்லிட்டீங்கன்னா நான் எழுதியே ஆகோணும். எழுதினா அந்தப் பிள்ளையைத் தூக்கியே ஆகோணும். இன்னொரு தடவை என்னால ஆகாது."

"எத்தனை நாளைக்குங்க?"

"நீங்க இருக்கற மட்டும். அண்ணனா இருந்துக்கோங்க. அண்ணனா இருந்து பாக்கறதுக்குச் சட்டம் குறுக்க வராது." கையைத் துடைச்சுக்கிட்டாங்க. "சிவப்பு விழோணும்னு நின்னீங்க. விழுந்துருச்சு. வேறென்ன வேணும் உங்களுக்கு?" குரல்ல கோபம் இருந்துது. இருக்க வேண்டியதுதான்.

பந்தியில செவ்வந்தி என்னைத் தனியா உக்கார வெச்சு அவளே பரிமாறினா. பச்சைப்புளி ரசத்துல உப்பு தூக்கலா இருந்துது. ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சேன். கூட்டம் கலைஞ்ச பொறகு பக்கத்துல ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு உக்காந்தா. மின்மினி என்ற மடியிலயே தூங்கிப் போயிருந்தா.

"அந்தக் கம்பெனிக்கு நாளைக்கே போன் பண்ணி, எங்கண்ணனை இனி வேற எந்த மடிக்கும் அனுப்பாதீங்கன்னு சொல்லப் போறேன்"னா. "வாராவாரம் இங்க வரோணும். வந்தா ரெண்டு நாளாச்சும் இருக்கோணும். அண்ணி?"

"இல்லம்மா. போயி ரொம்ப வருஷமாச்சு."

"பிள்ளைக?"

தலையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேன்னு எனக்கே தெரியல. அவ என்ற கையைப் புடிச்சுக்கிட்டா. "அப்போ நீங்களும் என்னை மாதிரி ஒத்தைக் கட்டைதானா? இனி அந்தப் பேச்சே வேண்டாம்."

வெளியில பந்தல்காரங்க கம்பைப் பிரிக்கற சத்தம் கேட்டுது. அவ பிள்ளையோட காதுல ஈ உக்காராம விசிறிக்கிட்டே இருந்தா.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டுமா? யாருகிட்டயும் கேட்டதில்ல. நீங்களும் அதே கேஸுங்கறதால கேக்கறேன்."

"கேளு கண்ணு."

"நம்மளைக் குடுத்தாங்களே, அவங்க மேல உங்களுக்குக் கோபமே வந்ததில்லையா? என்ற அப்பா அம்மா தங்கமானவங்க, அது வேற. ஆனா கூடப் பொறந்ததுகளைத் திசைக்கொண்ணாப் பிரிச்சு விட்டுட்டுப் போயிட்டாங்க பாருங்க. ஒத்தையா வளர்றது எப்படி இருக்கும்னு அவங்களுக்குத் தெரியுமா? ஜுரத்துல படுத்தா, அப்பாவுக்கு அப்பறம் யாருன்னு யோசிச்சு யோசிச்சுத் தூங்க மாட்டேன். நீங்க எங்க படுத்து என்ன யோசிச்சீங்களோ?"

தூக்கிக் கொட்டிராதீங்கன்னு சொன்னவளைப் பத்தி ஒரு வார்த்தையாச்சும் சொல்லாம இருக்க முடியல.

"அந்தம்மாவுக்கு உடம்புக்கு முடியாம இருந்திருக்கலாம் கண்ணு. சுமக்க முடியாமத்தான் குடுத்திருப்பாங்க. யாரு மடியிலயாச்சும் இருக்கட்டும்னு நினைச்சிருப்பாங்க."

அவ யோசிச்சா. "இருக்கலாம். நீங்க சொல்றீங்க, அந்தம்மாவை விட்டுருவோம். அந்தாளுக்கு என்ன கேடு? நல்லாத்தானே இருந்திருப்பான்? ஒரு தடவைகூட எட்டிப் பாக்கோணும்னு தோணலையா அவனுக்கு? சட்டம் இருக்குதும்பான். சட்டத்தை மீறித் திருடறவன் இல்லையா, பொய் சொல்றவன் இல்லையா? பிள்ளையைப் பாக்கறதுக்கு மட்டும்தான் சட்டம் தெரியுமா?"

நான் மின்மினியோட மொட்டைத் தலையைத் தடவிக்கிட்டிருந்தேன்.

"எங்கியாச்சும் உசுரோட இருந்து கண்ணுல பட்டான்னா, நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கோணும்ணா. நான் மட்டும் போயி நின்னா மதிக்க மாட்டான். நீங்களும் கூட வரோணும். வருவீங்களா?"

"வர்றேன் கண்ணு"ன்னேன். "ரெண்டு பேரும் சேந்தே கேப்போம்."